ஐசைட்ங்கற (iCite) டூல்ல என் பேப்பர் லிஸ்ட்டைப் போட்டுப் பாத்தேன், எச்-இண்டெக்ஸ் மேல இருந்த மயக்கம் கொஞ்சம் தெளிஞ்சுது

ப்ரொமோஷன் ஃபைல்ல மொத்த சைட்டேஷன் (நம்ம பேப்பரை மத்தவங்க பேப்பர்ல மேற்கோள் காட்டின எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் (14னா, 14 பேப்பர் ஒவ்வொண்ணும் 14 தடவையாவது சைட் ஆகிருக்குன்னு அர்த்தம்)னு ரெண்டு கட்டம் இருக்கும், அதை நிரப்ப இத்தனை வருஷமா ஒரு ஃப்ரீ ப்ரொஃபைல் சர்வீஸைத்தான் நம்பிட்டு இருந்தேன் (பேர் வேணாம்). இந்த தடவை என்னமோ தோணி லிஸ்ட்டைக் கடைசி வரைக்கும் உருட்டிப் பாத்தா, கிட்னி ஆராய்ச்சி பண்ற என் கணக்குல முழங்கால் மூட்டு ஆபரேஷன் பத்தி மூணு பேப்பர் உக்காந்திருக்கு, அதுல ஒண்ணு நான் ஸ்கூல் படிக்கும்போது வந்தது! என் பேர்லயே இன்னொருத்தர், பாவம். கான்ஃபரன்ஸ் அப்ஸ்ட்ராக்ட்டையும் அதோட முழு பேப்பரையும் வேற தனித்தனியா எண்ணி வச்சிருக்கு. எல்லாத்தையும் கழிச்சதும் எச்-இண்டெக்ஸ் 14ல இருந்து 11க்கு இறங்கிடுச்சு, அன்னிக்கு சாப்பாடே இறங்கல.

அப்பதான் கூட வேலை பாக்குற ஒருத்தர் ஐசைட்டைக் காமிச்சாங்க. அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் நடத்துற டூல், காசு கிடையாது. பப்மெட்ங்கற மருத்துவ பேப்பர் தேடல் தளத்துல இருக்கிற பேப்பரை மட்டும்தான் எடுத்துக்கும், மத்ததுக்கு இடமில்ல. நம்ம பேப்பர்களோட பிஎம்ஐடி நம்பரை (பப்மெட்ல ஒவ்வொரு பேப்பருக்கும் இருக்கிற தனி நம்பர்) வரிசையா ஒட்டணும், இல்லன்னா பப்மெட்ல தேடுற மாதிரியே தேடல் வரியைக் குடுக்கணும். நான் சோம்பேறித்தனமா பேரை மட்டும் போட்டேன், திரும்பவும் அந்த முழங்கால்காரர் கூடவே வந்துட்டார், தப்பு என்னுதுதான். ஆர்கிட் (ORCID) நம்பரை, அதாவது ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் உள்ள தனி அடையாள நம்பரை, வச்சு தேடலாம்னு பாத்தா, அது 2012லதான் ஆரம்பிச்சது, பழைய பேப்பர்ல இருக்காது. கடைசில ஒவ்வொரு நம்பரையும் கையால பொறுக்கி ஒட்டினேன், ஒரு மணி நேரம் போச்சு, ஆனா லிஸ்ட் சுத்தம்.

இதுல முக்கியமானது ஆர்சிஆர் (Relative Citation Ratio)னு ஒரு எண், இந்த முறையை 2016ல பேப்பரா போட்டாங்க. உங்க பேப்பரோட சேத்து வேற எந்தெந்த பேப்பரை மத்தவங்க தங்களோட ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல காட்டிருக்காங்களோ, அதையே உங்க துறைன்னு வச்சுக்கும். அந்தக் கூட்டத்துக்கு வருஷத்துக்கு எத்தனை சைட்டேஷன் வரும்னு கணக்குப் போட்டு, உங்களுக்கு வர்றதை அதோட ஒப்பிடும். என்ஐஎச் நிதியில வந்த பேப்பர்களோட மீடியன் (வரிசையா வச்சா நடுவுல வர்ற எண்) 1.0. அதனால கேன்சர் பேப்பரையும் கிட்னி பேப்பரையும் ஒரே தராசுல போட்டு நம்மளை இளைக்க வைக்காது.

என்னோட ரெண்டு பேப்பரை சொல்றேன். ஒண்ணு ரிவ்யூ ஆர்ட்டிகிள், 140 சைட்டேஷன், நான் எங்க போனாலும் அதைத்தான் பெருமையா சொல்வேன். இன்னொண்ணு டயாலிசிஸ் கதீட்டர் இன்ஃபெக்‌ஷன் பத்தி, வெறும் 31, அதை என் சீவி (CV) கடைசில தள்ளி வச்சிருந்தேன். ஆர்சிஆர் பாத்தா ரிவ்யூவுக்கு 1.2, கதீட்டருக்கு 2.3. அது மட்டுமில்ல, க்ளினிக்கல் ட்ரையல், கைட்லைன் மாதிரி பேப்பர்கள் எதை சைட் பண்ணிருக்குன்னு தனியா காட்டுது, அதுலயும் கதீட்டர்தான் முன்னாடி. நோயாளிகிட்ட போய் சேர்ந்தது எதுன்னு எச்-இண்டெக்ஸ் என்னிக்கு சொல்லிருக்கு? அதை 2005ல கொண்டு வந்த ஹிர்ஷ் ஒரு ஃபிசிக்ஸ்காரர், எச் தடவையாவது சைட் ஆன பேப்பர் எச் எண்ணிக்கைல இருந்தா போதும்னு வச்சார், வயசாக ஆக ஏறுமே தவிர இறங்கவே இறங்காது (என்னுது மாதிரி கழிச்சாத்தான் உண்டு).

குறைன்னா, ஏன் சைட் பண்ணாங்கன்னு இதுக்கும் தெரியாது. எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டோட 1998 பேப்பரை 2010ல வாபஸ் வாங்கினாங்க, திட்டுறதுக்காக சைட் பண்ணாலும் ஒரு சைட்டேஷன்தான். நூத்துக்கணக்கான பேர் சேந்து போடுற பேப்பர்லயும் முழு கணக்கு ஒவ்வொருத்தர் பேர்லயும் ஏறும், 87ஆவது ஆத்தருக்கும் சேத்து. மொத்த ஆர்சிஆரைக் கூட்டி வெயிட்டட்னு ஒண்ணு காட்டும், நிறைய பேப்பர் போட்டா அது தானா ஏறும், நான் மீடியனைத்தான் பாக்குறேன். புது பேப்பருக்கு வர்ற ஆர்சிஆர் ப்ரொவிஷனல் (தற்காலிகமானது), போன வருஷ பேப்பரை வச்சு குதிக்காதீங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். எக்ஸெல்லா இறக்கிக்கலாம்ங்கறது பெரிய நிம்மதி. ஆனா எங்க ஃபார்ம்ல ஆர்சிஆருக்கு கட்டமே இல்ல, ரிமார்க்ஸ்ல எழுதிக் குடுத்தேன், "இது என்ன டாக்டர் புதுசா ஒரு மார்க்கு?"னு ஆபீஸ்ல இருந்து ஃபோன். ஷீட்டை அனுப்பிருக்கேன், இன்னும் பதில் வரல.