புளோரன்ஸா, பொலோன்யாவா: எங்கே அறை எடுப்பது?

இத்தாலியின் நடுப்பகுதியைச் சுற்றத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது யோசனையே இல்லாமல் புளோரன்ஸில் தங்கிவிடுகிறார்கள். நாங்கள் பொலோன்யாவில் அறை எடுத்தோம். நன்றாகச் சாப்பிட வேண்டும், தினமும் ஓர் ஊரைப் பார்க்க வேண்டும், பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதி விட்டு விடுதி அலையக் கூடாது என்ற மூன்றும் உங்களுக்கு முக்கியம் என்றால் பொலோன்யாவைத்தான் சொல்வேன்.

புளோரன்ஸின் பெருமையை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. உஃபிஸி ஓவியக் கூடம், அகாதெமியா அருங்காட்சியகத்தில் நிற்கும் மிக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை, 1436இல் கட்டி முடித்த புருனெல்லெஸ்கியின் பேராலயக் குவிமாடம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஓவியத்துக்காகவும் சிற்பத்துக்காகவும் மட்டுமே போகிறவர் அங்கேயே தங்கட்டும். அவற்றுக்கு ஈடு பொலோன்யாவில் கிடையாது. ஆனாலும் அங்குள்ள சான் தொமேனிகோ தேவாலயத்துக்குள் அவசியம் போங்கள். புனித தொமினிக்கின் கல்லறை மேடையில் இருக்கும் மூன்று சிறிய சிலைகள் இருபது வயதை ஒட்டிய மிக்கேலாஞ்சலோ செதுக்கியவை. தாவீதைப் பார்க்க நிற்கும் வரிசை இங்கே இல்லை. நிதானமாக நின்று பார்க்கலாம்.

ஊர் சுற்ற பொலோன்யாவின் தனிச்சொத்து அதன் தூண் தாழ்வாரங்கள். நகர எல்லைக்குள் மொத்தம் 62 கிலோமீட்டர் அளவுக்கு அவை நீள்கின்றன. 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறின. மழை கொட்டினாலும் குடையில்லாமல் ஊரின் பாதியை நடந்துவிடலாம். மலைமேல் இருக்கும் சான் லூக்கா ஆலயத்துக்குப் போகும் தாழ்வாரம் மட்டும் 666 வளைவுகளோடு கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர். மேலே போகப் போகச் செங்குத்தாகிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். இரட்டைக் கோபுரங்களை மனதில் வைத்துப் போகிறவர்கள் கவனிக்க: அருகிலுள்ள கரிசெந்தா கோபுரத்தின் சாய்வு கவலை தருவதால், 2023 அக்டோபரில் அசிநெல்லி கோபுரத்தில் ஏறுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

இனி சாப்பாடு. புளோரன்ஸின் சமையல் எளிமையும் முரட்டுத்தனமும் கலந்தது. உப்பில்லாத ரொட்டி, வெள்ளை பீன்ஸ், ஆலிவ் எண்ணெய், எடை போட்டு விற்கும் கனத்த மாட்டிறைச்சித் துண்டு. தெருவண்டிகளில் விற்கும் லாம்பிரெதொத்தோ, மாட்டின் நான்காவது இரைப்பையை வேகவைத்து, பச்சைச் சட்னி போன்ற ஒன்றைத் தடவி ரொட்டிக்குள் வைத்துத் தருவது. துணிந்து சாப்பிட்டால் அதுதான் அந்த ஊரின் உண்மையான சுவை. ஆனால் பெரிய சதுக்கங்களைச் சுற்றியுள்ள கடைகள் பல, நாளை திரும்பி வராத வாடிக்கையாளரை நம்பி நடப்பவை. நல்ல சாப்பாட்டுக்கு ஆர்னோ ஆற்றைத் தாண்டிப் போகவேண்டும், தேடவும் வேண்டும்.

பொலோன்யாவில் இந்தத் தேடல் குறைவு. 1088இல் தோன்றியதாகக் கணக்கிடப்படும் பல்கலைக்கழகம் ஊரின் நடுவில் இருக்கிறது. மாணவர்களும் உள்ளூர்க்காரர்களும்தான் கடைகளை நிரப்புகிறார்கள். பெரிய சதுக்கத்தை ஒட்டிய குவாத்ரிலாதெரோ சந்துகளில் காலையில் நடந்தால், சில கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் பெண்கள் மாவு திரட்டுவதைப் பார்க்கலாம். கை நீளத்துக்கும் மேலான உருட்டுக்கட்டை. மஞ்சள் மாவுத் தகடு மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கும். அதைச் சின்னஞ்சிறு சதுரங்களாக வெட்டி, நடுவில் பட்டாணி அளவு இறைச்சிப் பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, விரலைச் சுற்றி ஒரு முறுக்கு. ஒரு தோர்தெல்லினி தயார். அந்த விரல்களின் வேகத்தைக் கண் தொடர முடியாது. அதைச் சூப்பில் மிதக்கவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். க்ரீம் ஊற்றித் தருவதும் உண்டு. முதல் முறை சூப்போடு கேளுங்கள்.

பொலோன்யாவின் இறைச்சிக் குழம்பான ராகூ, தாலியத்தெல்லே என்ற நாடாவோடுதான் வரும், ஸ்பகெட்டியோடு அல்ல. வெந்த நாடா 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972இல் அங்குள்ள வணிகச் சபையில் பதிவே செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டை இவ்வளவு அக்கறையோடு நடத்தும் ஊர் எனக்கு நெருக்கமாகிவிட்டதில் வியப்பில்லை.

குடிக்க, புளோரன்ஸில் கியாந்தி. பொலோன்யாவில் நுரைக்கும் சிவப்பு லம்புருஸ்கோ, லேசாகக் குமிழியிடும் வெள்ளை பின்யொலெத்தோ. வைனை மட்டும் வைத்து மதிப்பிட்டால் புளோரன்ஸுக்கே என் ஓட்டு. ஆனால் குடிக்கும் இடம் என்று வந்தால் ஒஸ்தெரியா தெல் சோலேக்கு இணை இல்லை. 1465 முதல் இருப்பதாகச் சொல்லும் கடை அது. அங்கே குடிக்க மட்டும்தான் விற்பார்கள். சாப்பாட்டை நாமே கொண்டுபோக வேண்டும். பக்கத்துச் சந்தில் மோர்த்தடெல்லா என்ற பன்றியிறைச்சித் துண்டுகளும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி, நீள மேசையில் காகிதத்தை விரித்துச் சாப்பிடலாம். காபிக்கு இரண்டு ஊரிலும் ஒரே விதி: கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவைத் தீர்மானித்தது ரயில் நிலையம்தான். பொலோன்யா வட இத்தாலியின் ரயில் சந்திப்பு. மிலான், வெரோனா, வெனிஸ், ரிமினி, புளோரன்ஸ் என்று ஐந்து திசைக்கும் அங்கிருந்து தடம் பிரிகிறது. சாதாரண வட்டார ரயிலில் மொதெனா அரை மணிக்கும் குறைவு, ஃபெர்ராரா ஏறத்தாழ அரை மணி, பார்மா ஒரு மணி, ரவென்னா ஒன்றேகால் மணி. வட்டார ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை. கட்டணம் தூரத்துக்கு ஏற்றது, கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் ஏறாது. காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று முடிவு செய்யலாம். அந்தச் சுதந்திரத்துக்கு விலை போட முடியாது. மொதெனாவில் 12 ஆண்டுக்குக் குறையாமல் மரப்பீப்பாய்களில் வைத்த பால்சமிக் வினிகரைச் சொட்டுச் சொட்டாக ருசிக்கலாம். பார்மாவில் பன்றித்தொடை ஹாமும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியும் அவற்றின் சொந்த மண்ணிலேயே கிடைக்கும். மாலையில் அறைக்குத் திரும்பிவிடலாம்.

புளோரன்ஸிலிருந்தும் பீசாவுக்கு ஒரு மணியில் போகலாம், லுக்காவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடும், சியேனாவுக்கு பஸ் நல்லது. அவை அழகான ஊர்கள், மறுக்கவில்லை. கார் எடுத்து கியாந்தி மலைகளைச் சுற்றுவதென்றால் கணக்கு முற்றிலும் மாறும். நான் காரில் போனதில்லை, என் அலசல் ரயிலையும் பஸ்ஸையும் நம்புகிறவர்களுக்கானது.

புளோரன்ஸும் பொலோன்யாவும் அதிவேக ரயிலில் 40 நிமிடத்துக்குள் இருக்கின்றன. அப்படியானால் எங்கே தங்கினால் என்ன என்று கேட்கலாம். புளோரன்ஸின் பெரும் செல்வம் அருங்காட்சியகங்களில், அதாவது பகலில் இருக்கிறது. பொலோன்யாவின் செல்வம் மாலை ஏழு மணிக்குத் தாழ்வாரங்களுக்குக் கீழ் மேசைகள் நிரம்பும்போது தொடங்குகிறது. பகலை அங்கே செலவழித்து, இரவுச் சாப்பாட்டுக்கு இங்கே திரும்பினால் இரண்டு ஊரின் சிறந்ததும் கைக்கு வரும். தலைகீழாகச் செய்தால் இரண்டிலும் பாதிதான். இதில் ஓர் இழப்பு உண்டு: கூட்டம் கலைந்த பின் புளோரன்ஸ் சதுக்கங்களில் நடக்கும் இன்பம் கிடைக்காது.

பொலோன்யா ரயில் நிலையத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அதிவேக ரயில்கள் பெரும்பாலும் தரைக்கு வெகு ஆழத்தில் உள்ள 16 முதல் 19 வரையான நடைமேடைகளுக்கு வருகின்றன. இறங்கிச் சேரப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஓவெஸ்ட்’ என்று இருந்தால் அது நிலையத்தின் மேற்குக் கோடியில் தனியாக இருக்கும் நடைமேடை. காகித டிக்கெட் வாங்கினால் வட்டார ரயிலில் ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள், இல்லையென்றால் அபராதம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என் பரிந்துரை கொஞ்சம் மாறும். என் அக்கா முட்டையும் தொடமாட்டார். பொலோன்யாவில் அவருக்குத்தான் சிரமம். அந்த ஊர் பாஸ்தா மாவே முட்டையில் பிசைந்தது. பொரித்த ரொட்டியான கிரெஷெந்தீனே பார்க்கச் சைவம்போல் இருந்தாலும், வழக்கப்படி பன்றிக் கொழுப்பில் பொரிப்பது. பார்மிஜானோவிலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. முட்டை சாப்பிடுகிறவர் என்றால் ரிகோத்தா அடைத்த தோர்தெல்லோனியை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுக் கேட்கலாம், அருமையாக இருக்கும். புளோரன்ஸிலோ ரொட்டியும் காய்கறியும் பீன்ஸும் சேர்ந்த ரிபொல்லித்தா, தக்காளியும் ரொட்டியும் குழைந்த பாப்பா அல் பொமொதோரோ என்று வயிறு நிறையச் சாப்பிட வழியுண்டு. இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். முட்டையும் விலக்குகிற குடும்பம் என்றால் புளோரன்ஸில் தங்குங்கள்.

அறை வாடகையில் பொலோன்யா பொதுவாகக் கைக்கு அடக்கம். வர்த்தகக் கண்காட்சிகள் நடக்கும் நாட்களில் மட்டும் அது பொய்த்துவிடும். வசந்த காலத்தில் வரும் குழந்தைகள் புத்தகக் கண்காட்சி போன்றவற்றின்போது விலை எகிறும், அறையும் கிடைக்காது. தேதி குறிக்குமுன் கண்காட்சி நாட்காட்டியைப் பாருங்கள்.

புளோரன்ஸுக்குப் போகும் நாளைத் திங்கட்கிழமையில் வைக்காதீர்கள். உஃபிஸி, அகாதெமியா இரண்டுமே அன்று மூடியிருக்கும். திங்களை ரவென்னாவுக்கு விடுங்கள். அங்குள்ள சான் விதாலே தேவாலயத்தின் மொசைக் ஓவியங்களும் கல்லா பிளாசிதியா நினைவகத்தின் நீலக் கூரையும் வழக்கமாக அன்றும் திறந்திருக்கும், புளோரன்ஸ் நாடுகடத்திய கவிஞர் தாந்தேயின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.