சேலையூரில் வீடு வாங்க உதவிய தரகர்: எங்கள் அனுபவம்

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் 9-ஆம் பிரிவு கேட்கும் முகவர் பதிவு எங்கள் தரகரிடம் இருந்தது. ஆனால், எங்களுக்கு நம்பிக்கையளித்தது சக தரகர்களிடம் அவர் நடந்துகொண்ட முறைதான். விற்பவர் தரப்புத் தரகர் வர அரைமணி நேரம் தாமதமானபோது, சாவி பக்கத்து வீட்டிலேயே இருந்தும், "அவர் காட்ட வேண்டிய வீடு, வரட்டும்" என்று எங்களை வேப்பமரத்தடியில் காத்திருக்கச் செய்தார். வெயிலில் எனக்குச் சற்றுக் கோபம்தான்.

இவருக்கு முன் நாங்கள் அணுகிய ஒருவரோ, வேறொரு வீட்டின் உரிமையாளரைத் தனியே பிடித்து, நடுவில் இருந்த தரகரைக் கழற்றிவிட்டால் செலவு மிச்சமாகும் என்று பேச, மனம் கசந்த உரிமையாளர் விற்பனையையே நிறுத்திவிட்டார். எங்கள் இரண்டு மாத அலைச்சல் வீணாயிற்று.

இவர், விற்பவர் தரும் தரகு அந்தத் தரப்புத் தரகருக்கு, நாங்கள் தருவது தமக்கு என்று முதல் நாளே பேசி முடித்தார். சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில், அடைத்த அடமானம் ஒன்றுக்கு, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் பதிவாகாமல் இருந்ததை எங்களிடம் மறைக்கவில்லை. எனினும், எதிர்த்தரப்புத் தரகரை எல்லார் முன்னிலையிலும் குறை கூறாமல் தனியே அழைத்துச் சொல்லிச் சரிசெய்ய வைத்தார். மாலை ஏழு மணிக்குமேல் கைப்பேசியை எடுக்கமாட்டார் என்பது மட்டுமே குறை.