லயத்து வாசலுக்கு ஒரு மழைமானி: வாங்கலாமா?

கம்பில் ஆணியடித்து மாட்டும் ஆப்பு வடிவ பிளாஸ்டிக் மழைமானி இலங்கை மலையகத்து லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, போதும். அடி ஒடுங்கியிருப்பதால் சிறு தூறலும் கோட்டில் தெரியும். குறை, வெயிலில் பிளாஸ்டிக் மங்கி இலக்கங்கள் அழிவதுதான்.

பொருளைவிட மாட்டும் இடம்தான் முக்கியம். இஸ்தோப்பு ஓரம் கூடாது, தகரத்துத் தண்ணீர் தெறிக்கும். சவுக்கு மரத்தடியும் கூடாது. மரமோ கூரையோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரு மடங்கு தள்ளி நடுங்கள். தினமும் காலை 8.30க்குப் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி, கொட்டிவிடுங்கள். கொட்ட மறந்தால் இரண்டு நாள் மழை ஒன்றாகிவிடும்.

சோடா போத்தலிலும் செய்யலாம். அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, நேர்ப்பக்கம் தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் போடுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைக் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம். 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய பீலித் தண்ணீர் தெரிந்தால் இலக்கத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

ஆனால் வெளியேறி எங்கே போவது? அதை எந்த மழைமானியும் சொல்லாது. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடிய பிறகும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த மழைக் கொப்பியின் பிரதியை உங்கள் எம்.பி.க்கு அனுப்புங்கள், கொண்டுவரும் எந்தக் காலநிலை மாற்றச் சட்டத்திலும் லயங்களுக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் கட்டாயமாக எழுதப்பட வேண்டும் என்று கேளுங்கள். திகதி, தோட்டம், டிவிஷன், மி.மீ. நான்கும் இருக்கட்டும்.