ஓடிபி கேட்கும் என்று நம்பி டேப்லெட்டைக் குழந்தையிடம் கொடுத்தேன்

வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் போவதென்றாலும் கைப்பேசிக்கு ஓடிபி வரும், இல்லையேல் யுபிஐ பின் கேட்கும், இரண்டும் என் கையில்தான் இருக்கின்றன, ஆகவே வீட்டு டேப்லெட்டில் குழந்தை எதை அழுத்தினாலும் பணம் போகாது என்று உறுதியாக நம்பியிருந்தேன். நம்பியதோடு நில்லாமல் பக்கத்து வீட்டாருக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு மறுநாள் பதினொரு நிமிடத்தில் 4,760 ரூபாய் போனபோது என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

என் தம்பி என் மகளுக்குத் தீபாவளிப் பரிசாக 5,000 ரூபாய்க்கு ஒரு கிஃப்ட் கார்டு அனுப்பியிருந்தான். அதன் எண்ணைச் செயலிக் கடையில் உள்ள என் கணக்கில் பதிந்ததும் தொகை அங்கே இருப்பாக ஏறியது. மகள் கேட்ட ஓவியச் செயலியை 99 ரூபாய்க்கு வாங்கக் கடவுச்சொல்லை இட்டேன். டேப்லெட்டை அவளிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் சிறிது நேரத்துக்குத் திரும்பக் கேட்க வேண்டாம் என்று, தொல்லையாக இருக்கிறதே என எண்ணி, எப்போதோ நானேதான் மாற்றி வைத்திருந்தேன். இருப்பில் ஏறிய பணம் ஏற்கெனவே கடையின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பணம் என்பதால் அதைச் செலவிடும்போது வங்கிக்கு வேலையில்லை. வங்கிக்கு வேலையில்லாத இடத்தில் ஓடிபியும் வராது. இந்த ஒரு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதும் தேவையே வந்திருக்காது.

அவள் விளையாடியது நாய்க்குட்டி வளர்க்கும் விளையாட்டு; இறக்கிக்கொள்ள இலவசம். குட்டிக்குப் பசி வந்தால் அது கண்ணீர் விட்டு அழும். உணவு வாங்க ரத்தினக் கற்கள் வேண்டும்; அந்தக் கற்களைப் பொதி பொதியாக உண்மையான பணத்துக்கு விற்கிறார்கள். "இன்னும் இரண்டே நிமிடம்தான்" என்று மேலே ஒரு கடிகாரம் ஓடும். ஏழு வயதுக் குழந்தை அழுகிற குட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? 89 ரூபாய்ப் பொதி மூன்று, 449 ரூபாய்ப் பொதி நான்கு, 899 ரூபாய்ப் பொதி மூன்று. "கல்லெல்லாம் நான் ஜெயிச்சதும்மா" என்றுதான் அவள் கடைசிவரை சொன்னாள், அவளுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது, பொய் சொல்லவில்லை. பத்து ரசீதுகளும் நான் திறந்தே பார்க்காத ஒரு பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருந்தன. மூன்றாம் நாள்தான் கண்ணில் பட்டன.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது தொடங்கியதுதான் உண்மையான அலைக்கழிப்பு. கடை, விளையாட்டு நிறுவனத்தைக் கேட்கச் சொன்னது. விளையாட்டு நிறுவனம், பணம் வாங்கியது கடைதானே என்றது. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது என்று நான் எழுதியதற்கு, கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. இரண்டாம் முறையீட்டில் 899 ரூபாய்ப் பொதிகள் மூன்றுக்கும் பணம் திரும்பியது. மற்ற கற்கள் "பயன்படுத்தப்பட்டுவிட்டன" என்று மறுத்துவிட்டார்கள். ஆகத் தவறிப்போனது 2,063 ரூபாய்.

இது என் ஒருத்தியின் கவனக்குறைவு மட்டுமில்லை என்பதைப் பிறகு படித்தபோதுதான் அறிந்தேன். கடவுச்சொல் இட்ட பின் 15 நிமிடம் வரை மீண்டும் கேட்காமல் குழந்தைகளை வாங்கவிட்டது என்ற குற்றச்சாட்டில், அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையத்துடன் 2014 ஜனவரியில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுளும் 1.9 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பதின்மூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. பொய்யான அவசரத்தைக் காட்டுவதும், சந்தாவில் சிக்கவைப்பதும் அவற்றில் உண்டு. அந்தக் கடிகாரத்தைப் படம் பிடித்து வைக்காமல் போனேனே என்று இப்போது வருந்துகிறேன். நீங்கள் செயலியை நீக்கும் முன் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தா என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. சிறுவர் கதைச் செயலி ஒன்றுக்கு மூன்று நாள் இலவசம் என்று யுபிஐ ஆட்டோபேவுக்கு, அதாவது கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடித்துக்கொள்ளும் வசதிக்கு, ஒப்புதல் கொடுத்திருந்தேன். பிடிக்காமல் செயலியை நீக்கிவிட்டேன். பணமோ மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. ஒருமுறை பின் கொடுத்து ஒப்புதல் தந்துவிட்டால், பொதுவாக 15,000 ரூபாய் வரையிலான தொடர் பிடித்தங்களுக்கு ஒவ்வொரு முறையும் பின் கேட்க வேண்டியதில்லை. பிடித்தத்துக்கு ஒரு நாள் முன்பே அறிவிப்பு வரும் என்பது உண்மைதான்; விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே அதை யார் படிக்கிறார்கள்? உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, அங்கேயே ஒப்புதலை ரத்து செய்யுங்கள்.

டேப்லெட்டைப் பொறுத்தவரை, ஆண்ட்ராய்டு என்றால் பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் சரிபார்ப்பு தேவை என்று வையுங்கள். குழந்தைக்குத் தனிக் கணக்கு தொடங்கி பெற்றோருக்கான கூகுள் செயலியான ஃபேமிலி லிங்க் வழியாக, வாங்கும் முன் உங்களிடம் ஒப்புதல் கேட்கவைக்கலாம், ஆனால் கூகுளின் கட்டண முறை வழியாக நடக்கும் கொள்முதலுக்கு மட்டுமே அது பொருந்தும். ஐபேட் என்றால் அமைப்புகளில் உள்ள ஸ்கிரீன் டைம் பகுதியில் செயலிக்குள் வாங்குவதையே முழுதாகத் தடுத்து, அதற்குத் தனி எண் வைக்க முடியும். அந்த எண் குழந்தை அறிந்த திரைப்பூட்டு எண்ணாக இருக்கக் கூடாது. குழந்தையின் கைரேகையை எந்தக் காரணத்துக்காகவும் பதியாதீர்கள். கிஃப்ட் கார்டு வந்தால், வாங்க வேண்டியதை வாங்கும் நாள் வரை எண்ணைப் பதியாமல் அலமாரியில் வையுங்கள். நான் அதைத்தான் இப்போது செய்கிறேன், தம்பிக்கும் அடுத்த ஆண்டு பட்டுப்பாவாடையே போதும் என்று சொல்லிவிட்டேன்.

மீதித் தொகைக்காகத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வந்ததும் இதே பதிவின் கீழ் எழுதுகிறேன்.