நொசாவா ஒன்சென்: புதியவரும் பழகியவரும் சேர்ந்து போக ஒரு பனிமலை

பனிச்சறுக்குக்கு (ஸ்கீ) கூட்டமாகக் கிளம்புகிறீர்கள். ஒருவர் பனியையே இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார், இன்னொருவர் ஓரளவு பழகியவர், மூன்றாமவர் மரங்களுக்கு நடுவே பவுடர் பனியை, அதாவது புதிதாக விழுந்த மென்பனியைத் தேடி அலைகிற ஆள். இவர்கள் எல்லோரையும் ஜப்பானில் எந்த மலைக்குக் கூட்டிப்போவது என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் நகானோ மாகாணத்து நொசாவா ஒன்சென். நிசெகோவும் ஹாகுபாவும் பேர் போன இடங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கலந்த கூட்டத்துக்கு இந்த மலைதான். ஏனென்றால் இங்கே கற்றுக்கொள்கிறவரை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே போய்விட வேண்டியதில்லை.

டோக்கியோவிலிருந்து வருவது சுலபம். ஹொகுரிகு ஷிங்கன்சென் பாதையில் ஈயாமா நிலையம், இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், அங்கிருந்து நொசாவா ஒன்சென் லைனர் பேருந்தில் சுமார் 25 நிமிடம். 2015-ல் இந்த நிலையம் திறந்த பிறகுதான் பயணம் இவ்வளவு எளிதானது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதே பாதையில் ஓடும் ககயாகி ரயில் ஈயாமாவில் நிற்காது, ஹகுதாகா ரயிலில் இடம் போடுங்கள். சொந்தப் பலகை வைத்திருப்பவர்கள் தக்யூபின் என்ற பார்சல் சேவையில் முன்கூட்டியே விடுதிக்கு அனுப்பிவிட்டால், குழந்தையையும் பெட்டியையும் ஒரே கையில் இழுக்கிற பாடு மிச்சம்.

மலையைப் பற்றிக் கொஞ்சம். அடிவாரம் 565 மீட்டர், உச்சி 1,650 மீட்டர், அதாவது மேலிருந்து கீழே 1,085 மீட்டர் இறக்கம். மிக நீளமான சறுக்குப் பாதை 10 கிலோமீட்டர். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்த மலைகளில் மோதி அப்படியே கொட்டிவிடுகிறது, அதனால் ஜனவரி, பிப்ரவரியில் பனிக்குப் பஞ்சமே இல்லை. சரிவுகளின் நிறக் குறியீடும் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில் பச்சை ஆரம்பநிலை, சிவப்பு இடைநிலை, கறுப்பு கடினம். ஐரோப்பாவில் பழகியவர்கள் நீலத்தைத் தேடிக்கொண்டு நிற்பார்கள், இங்கே அது கிடையாது.

முதல்முறை வருகிறவர்களை ஹிகாகே அடிவாரத்துக்குக் கூட்டிப்போங்கள். ஸ்கீ பள்ளி, குழந்தைகளுக்கான இடம், மெதுவாக ஏறும் லிஃப்ட், சாப்பாடு எல்லாமே பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளும் உண்டு, ஆனால் சீசன் உச்சத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் விடுதி போடும்போதே வகுப்பையும் போட்டுவிடுவது நல்லது. எங்களோடு வந்த அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது, குழு வகுப்பில்தான் சேர்த்தோம். வாடகைக்கு எடுத்த கடையில் (பெயர் வேண்டாம்) அவசரத்தில் ஒரு அளவு பெரிய ஸ்கீ பூட் காலணியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குழந்தை முன்னால் சாய்ந்தால் குதிகால் உள்ளுக்குள்ளேயே மேலே தூக்குகிறது, அப்புறம் எப்படித் திரும்ப முடியும்? பயிற்சியாளர்தான் குனிந்து பூட்டை அழுத்திப் பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். மாற்றிய பிறகு அவள் திரும்பிய விதமே வேறு. எங்கே எடுத்தாலும் பூட்டை மாட்டி, கொக்கிகளைப் போட்டு, முழங்காலை மடக்கி முன்னால் சாயச் சொல்லுங்கள். குதிகால் அசையக்கூடாது, விரல்கள் நசுங்கவும் கூடாது. இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் வேறு ஜோடி கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

இனி, நான் இந்த மலைக்கு இவ்வளவு பரிந்து பேசுவதற்குக் காரணம். ஹிகாகேயிலிருந்து கொண்டோலா (மூடிய கேபிள் கார்) ஏறினால் மலையின் நடுப்பகுதிக்கு வந்துவிடுகிறோம், அங்கேதான் உவெனோதாய்ராவும் பாரடைஸும் இருக்கின்றன. பாரடைஸ் அகலமான, பயமுறுத்தாத சரிவு. ஓரளவு நிற்கவும் வேகத்தைக் குறைக்கவும் தெரிந்துவிட்டால் போதும், புதியவரும் இங்கே வந்து ஆனந்தமாக ஓட்டலாம். பல மலைகளில் ஆரம்பநிலைச் சரிவு என்றால் வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நூறு, நூற்றைம்பது மீட்டர் துண்டு ஒன்றுதான், மலை எப்படி இருக்கும் என்றே தெரியாமல் ஊர் திரும்ப வேண்டும். இங்கே அப்படி இல்லை. அடிப்படை வகுப்பு முடிந்ததும் அண்ணியை மேலே கூட்டிப்போனோம். சுற்றிலும் பீச் (beech) மரங்களின் கிளை கிளையாக வெள்ளை, எதிரே அடுக்கடுக்காக மலைகள். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசாமல் நின்றவர், "தம்பி, இதைப் பார்க்காமலேயே கீழே இருந்திருப்பேனே" என்றார். மதியம் எல்லோரும் அங்கேயே சேர்ந்து சாப்பிட்டோம். உச்சியிலிருந்து இறங்கி வந்தவனும் காலையில்தான் பூட் மாட்டக் கற்றவரும் ஒரே மேசையில் உட்கார முடிகிறது. கலந்த கூட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இடைநிலைக்காரர்களுக்கு ஸ்கைலைன். முகட்டின் மேலேயே நீண்டு போகும் பாதை, இரண்டு பக்கமும் பார்வை திறந்து கிடக்கும், கீழே கிராமத்துக் கூரைகள் தெரியும். காலையில் பனியைச் சமன்படுத்திய கையோடு முதல் ஆளாகப் போய்விட வேண்டும். மாலையில் அதே பாதையின் கீழ்ப்பகுதி இறுகி, பலரும் தடுமாறுகிற இடமாகிவிடும், கால் சோர்ந்த நேரத்தில் அங்கே போகாதீர்கள். கொண்டோலாவிலேயே இறங்கிவிடுவதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

தேர்ந்தவர்களுக்கு மலையின் மேல்பகுதியான யமாபிகோ. நாகசாகா அடிவாரத்தில் 2020-ல் புதிதாகப் போட்ட பத்துப் பேர் உட்காரும் கொண்டோலா மேலே கொண்டுவந்து விடுகிறது. உயரம் அதிகம் என்பதால் பனி உலர்ந்து, லேசாக இருக்கும், முதல் நாள் இரவு கொட்டியிருந்தால் காலையில் முழங்கால் வரை புதையும். நண்பன் ஒருவனை அங்கிருந்து கிளப்பவே முடியவில்லை, லிஃப்டில் ஏறுவான், மரங்களுக்குள் மறைவான், மறுபடி லிஃப்ட் வரிசையில் நிற்பான். செங்குத்தாக வேண்டும் என்பவர்களுக்கு ஷ்னைடர் சரிவு இருக்கிறது. 1930-ல் இங்கே வந்த ஆஸ்திரிய ஸ்கீ ஆசான் ஹான்னெஸ் ஷ்னைடரின் பெயர் அது. இந்த ஊர்க்காரர்கள் 1923-லேயே ஸ்கீ சங்கம் தொடங்கியவர்கள், 1998 நகானோ ஒலிம்பிக்கில் பயத்லான் (ஸ்கீயும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த) போட்டி நடந்ததும் இங்கேதான். கயிறு கட்டிய எல்லையை மட்டும் தாண்டவே கூடாது. எல்லைக்கு வெளியே போய் மாட்டிக்கொண்டால் தேடி மீட்கும் செலவை நம்மிடமே வசூலிக்கக் கிராமமே விதி போட்டிருக்கிறது. பணம் போகட்டும், தேடி வருகிறவர்களும் உயிரைப் பணயம் வைத்துத்தான் வருகிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. உவெனோதாய்ரா கிட்டத்தட்ட சமதரை, ஸ்னோபோர்டுக்காரர்கள் ஒரு காலைப் பலகையிலிருந்து கழற்றித் தள்ளித் தள்ளியே போக வேண்டியிருக்கும். அடிவாரம் தாழ்வு என்பதால் மார்ச் வந்தால் மேலே பனி, கீழே மழை என்று ஆகிவிடுகிற நாட்கள் உண்டு. ஊருக்குள் தெருக்கள் செங்குத்து, இரவில் உறைந்துவிடும், நல்ல பிடிப்புள்ள காலணி இல்லாமல் வயதானவர்களைக் கூட்டிவராதீர்கள். ஊரிலிருந்து ஹிகாகே வரை கூரை போட்ட நகரும் பாதை ஒன்று இருப்பது பெரிய உதவி, பூட்டும் பலகையுமாக ஏறி நடக்க வேண்டியதில்லை.

மலையை விட்டு இறங்கியதும் ஊர் தொடங்குகிறது, என்னைக் கேட்டால் பாதி மதிப்பெண் ஊருக்குத்தான். இது ஸ்கீக்காகக் கட்டிய ஓட்டல் வரிசை இல்லை, நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்கிற வெந்நீர் ஊற்றுக் கிராமம். பதின்மூன்று பொதுக் குளியலறைகள், ஊர்க்காரர்களே முறைபோட்டுப் பராமரிக்கிறார்கள், கட்டணம் கிடையாது, வாசலில் காணிக்கைப் பெட்டி இருக்கும், காசு போடாமல் வராதீர்கள். நடுவில் இருக்கும் ஓயு மரக்கட்டடத்தில் இரண்டு தொட்டிகள், ஒன்று சூடு, மற்றது சூடு குறைந்தது. அந்தச் சூடு குறைந்ததே நமக்குத் தாங்காது. நான் தண்ணீருக்குள் கால் வைக்கத் தயங்கி நின்றதைப் பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மர வாளியை எடுத்து, முதலில் பாதம், அப்புறம் முழங்கால், அப்புறம் தோள் என்று தன் மேல் ஊற்றிக் காட்டினார். அதன்படி செய்தேன், உடம்பு பழகிக்கொண்டது. உள்ளே உடையோடு இறங்கக்கூடாது, இறங்குவதற்கு முன் உடம்பைக் கழுவ வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள், நாள் முழுக்க பூட்டில் இறுகிய கெண்டைக்காலுக்கு இதைவிட மருந்து இல்லை. கொஞ்சம் மேலே ஓகாமா என்ற கொதிக்கும் ஊற்று, அதில் ஊர்க்காரர்கள் கீரையும் முட்டையும் வேகவைப்பார்கள். நமக்கு உள்ளே அனுமதி இல்லை, வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

சாப்பாட்டில் அசைவர்களுக்குக் கவலையே இல்லை. சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் சோபா, உடோன் நூடுல்ஸ் குழம்பில் மிதப்பது வெங்காயத்தாள் மட்டும்தான் என்றாலும் அடிச்சாறு உலர்ந்த மீனில் எடுத்தது. மலைமேல் கிடைக்கும் ஜப்பானியக் கர்ரி (குழம்பு) சாதத்திலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். விடுதிக்கு முன்பதிவின்போதே இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாக எழுதிவிடுங்கள். வெறுமனே சைவம் என்றால் மீன் வந்துவிடும். உள்ளூர்க் கீரையான நொசாவானாவின் ஊறுகாயும், அதையே உள்ளே வைத்த ஒயாகி என்ற மாவு உருண்டையும் தெருவில் சுடச்சுடக் கிடைக்கும், பூரணத்தில் மீன் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். இரவு உணவுக்கு ஊரில் இடம் கிடைப்பது கஷ்டம், சின்னச் சின்னக் கடைகள், ஏழு மணிக்கெல்லாம் நிரம்பிவிடும். குழந்தைகளோடு வருகிறவர்கள் இரவு உணவையும் சேர்த்துத் தரும் விடுதியாகப் பாருங்கள்.

எப்போது வருவது என்றால், புதியவர்கள் அதிகம் இருக்கிற கூட்டத்துக்குப் பிப்ரவரி கடைசி சரியாக இருக்கும், பனியும் இருக்கும், உயிரை எடுக்கும் குளிரும் கொஞ்சம் தணிந்திருக்கும். பவுடர்தான் முக்கியம் என்றால் ஜனவரி நடுவிலிருந்து. ஜனவரி 15 இரவு தோசோஜின் தீத்திருவிழா. மரங்களால் கட்டிய பெரிய மேடையை 25, 42 வயது ஆண்கள் காக்க, மற்ற ஊர்க்காரர்கள் தீப்பந்தங்களோடு அதைக் கொளுத்த வருவார்கள். அந்த நாளில் வர ஆசைப்பட்டால் பல மாதங்களுக்கு முன்பே அறை போட்டுவிடுங்கள்.