பச்சை டிக்கை நம்பி 14,160 ரூபாய் போச்சு

14,160 ரூபாய். சந்தா 12,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ரீஃபண்ட் கிடையாது என்று நேற்று ராத்திரி மெயில் வந்தது, அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம். கிட் கமிட்டையும் (கோடில் செய்த மாற்றத்தைப் பதிவு செய்வது) டாஸ்க் போர்டையும் (வேலைகளைக் கார்டு கார்டாகக் காட்டும் இணையப் பலகை) இணைக்கும் ஒரு கமாண்ட் லைன் டூல், அதாவது டெர்மினலில் கட்டளை தட்டி ஓட்டுவது.

நாங்கள் ஆறு பேர். கோடு எழுத யாருக்கும் சோம்பல் இல்லை, முடித்த டாஸ்க்கை போர்டில் நகர்த்தத்தான் கை வராது. டெமோவில் அந்தத் தம்பி பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) பெயரிலேயே டாஸ்க் எண்ணைப் போட்டு ஒரு கமிட் அடித்தார். பக்கத்து ஜன்னலில் இருந்த கார்டு உடனே 'முடிந்தது' பத்திக்குத் தாவியது. "இனிமே பிரவுசரையே திறக்க வேண்டாம் சார்" என்றார். விழுந்தேன். மாதச் சந்தா இருந்தும் ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினேன்.

ஒரு மாதம் ஓடியது. அப்புறம் ஒருநாள் கிளையன்ட் கேட்டார், இரண்டு வாரமாக ஒரு வேலையும் முடியவில்லையா என்று. எங்கள் டெர்மினலில் கமிட்டுக்குக் கமிட் பச்சை டிக். போர்டிலோ 11 கார்டுகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கிட்டின் ஹூக்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன், கமிட் அடிக்கும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள் இருக்கும் இடம் அது. கமிட் முடிந்ததும் ஓடும் போஸ்ட்-கமிட் ஹூக்கில் நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட். கர்ல் என்ற கட்டளை போர்டுக்குச் செய்தி அனுப்புகிறது, வரும் பதில் அப்படியே டெவ் நல் என்ற குப்பைத்தொட்டிக்குப் போகிறது, பதில் எதுவானாலும் அடுத்த வரியில் டிக். போர்டுக்குள் நுழையும் சாவியான டோக்கன் 30 நாளில் காலாவதியாகி, சர்வர் 401 (அனுமதி இல்லை) என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்க ஆளில்லை. போதாததற்கு, கமிட் ஏறும் முன் அதன் குறிப்பைச் சரிபார்க்க நாங்கள் எழுதி வைத்திருந்த கமிட்-மெசேஜ் ஹூக்கையும் சொல்லாமல் அழித்துத் தன்னுடையதை வைத்திருந்தது.

சப்போர்ட்டில் முதலில் "ரீ-இன்ஸ்டால் பண்ணுங்க" என்றார்கள். பிறகு "உங்க ஃபயர்வாலா இருக்கும்". ஸ்கிரிப்டையே படம் எடுத்து அனுப்பினேன். டோக்கன் தானாகப் புதுப்பிக்க மேல் பிளானுக்கு மாறணுமாம்! ரீஃபண்ட் கேட்டால், 14 நாள் தாண்டிவிட்டது. டெமோ தம்பியைப் பிடித்தேன், "நான் சேல்ஸ் மட்டும்தான் சார்". பதில் போட்டுக்கொண்டே இருந்த என் டிக்கெட், 'பதில் இல்லாததால்' 72 மணி நேரத்தில் மூடப்பட்டது. எங்கள் டாஸ்க்கை மூடத் தெரியவில்லை, என் புகாரை மட்டும் மூடத் தெரிந்திருக்கிறது.

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், 14,160 ரூபாய் கண்முன் வந்து நிற்கிறது. இவ்வளவுதான்: வருடச் சந்தா கட்டாதீர்கள். தப்பான டோக்கனைக் கொடுத்துப் பாருங்கள், அப்போதும் டிக் வந்தால் ஓடிவிடுங்கள். நிறுவும் முன் ஹூக்ஸ் ஃபோல்டரை நகல் எடுங்கள். உங்கள் டாஸ்க் கிட்ஹப் தளத்தின் இஷ்யூ என்றால் கமிட் குறிப்பில் 'ஃபிக்ஸஸ்' (Fixes) என்று போட்டு # குறியோடு எண்ணைச் சேர்த்தால் போதும், டீஃபால்ட் பிராஞ்சில் (முதன்மைக் கிளை) சேர்ந்ததும் அதுவே மூடிக்கொள்ளும், காலணா செலவில்லை. டூலை ஒதுக்கினாலும் அதற்குக் கொடுத்த டோக்கனை ரத்து செய்ய மறக்காதீர்கள்.

இன்று காலை அந்த டூலை நீக்கினேன். அது வைத்த கமிட்-மெசேஜ் ஹூக் போகவில்லை, இல்லாத டூலைக் கூப்பிடுகிறது. ஆறு பேருக்கும் கமிட் ஏறாமல் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வருகிறது, ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து கையால் அழித்துக்கொண்டிருக்கிறேன்.