டிரஸ்ட் கணக்குக்கு டேலி பிரைம் போதுமா?

சின்ன டிரஸ்ட்ல கணக்கு பாக்குற ஆளு நான். ரெண்டு வெளிநாட்டு டோனர், சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) குடுக்குற ஒரு கம்பெனி, உள்ளூர்ல அப்பப்ப வர்ற நன்கொடை, இவ்ளோதான் எங்க வரவு. இதுக்கு என்ஜிஓவுக்குன்னே விக்கிற சாஃப்ட்வேர் வாங்கணுமா, டேலி பிரைமே போதுமான்னு கேட்டா, தாராளமா போதும். ஆனா டீலர் போட்டு குடுத்துட்டுப் போன மாதிரியே வச்சிருந்தா ஒண்ணுக்கும் ஆகாது.

எங்களுக்கு இன்ஸ்டால் பண்ண வந்த பையன் ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எப்படி போடறதுன்னு கிளாஸ் எடுத்துட்டு கெளம்பிட்டாரு, நாங்க என்னத்தப்பா விக்கிறோம்? நமக்கு வேண்டியது காஸ்ட் சென்டரும் (செலவ எதுக்குன்னு பிரிச்சு வைக்கிற தலைப்பு) காஸ்ட் கேட்டகிரியும் (அந்தத் தலைப்புகள சேத்து வைக்கிற பெரிய பிரிவு), ரெண்டையும் அவரு ஆன் கூட பண்ணல.

நாங்க வச்சிருக்கறது இப்படி: டோனர்னு ஒரு கேட்டகிரி, அதுக்குள்ள ஒவ்வொரு திட்டம், திட்டத்துக்குக் கீழ டோனர் பட்ஜெட்ல இருக்குற அதே லைன் நம்பர்ல காஸ்ட் சென்டர். கோஆர்டினேட்டர் சம்பளம் 18,000ன்னா ஒரு திட்டத்துக்கு 10,800, இன்னொண்ணுக்கு 7,200னு பிரிச்சுப் போடறோம், கூட்டினா 18,000 வந்தாதான் என்ட்ரி நகரும். ஒரே செலவ ரெண்டு டோனர்கிட்டயும் முழுசா காட்டுற வேலை அந்த வவுச்சருக்குள்ள நடக்காது. அதே பில்லோட ஜெராக்ஸ வச்சு வேற வவுச்சர் போட்டா டேலிக்கு என்ன தெரியும்? அதுக்குத்தான் ஒரிஜினல் பில் மேலயே திட்டத்தோட பேரும் அதுல போன தொகையும் எழுதற மாதிரி ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு வச்சிருக்கோம், அம்பது நூறு ரூபா ஸ்டாம்ப் செய்ற வேலைய எந்த சாஃப்ட்வேரும் செய்யாது.

எஃப்சிஆர்ஏ பணத்துக்கு, அதாவது வெளிநாட்டு நன்கொடை சட்டத்துக்குக் கீழ வர்ற பணத்துக்கு, டேலில தனி கம்பெனியே (தனி கணக்குப் புத்தகம் மாதிரி) திறந்துடுங்க, உள்ளூர் பணத்தோட ஒண்ணா போட்டு காஸ்ட் சென்டர்ல பிரிச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, அந்தப் பணம் இருக்குற பேங்க் அக்கவுண்ட்ல வர்ற வட்டி கூட எஃப்சி (வெளிநாட்டு) பணம்தான். அந்தச் சட்டத்துல 2020ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் பணம் முதல்ல வந்து விழறது டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்ல, நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரைக்கும் போலாம்னு இருந்தது 20 ஆயிடுச்சு, அந்தப் பணத்துலேர்ந்து இன்னொரு அமைப்புக்கு எடுத்துக் குடுக்கவும் முடியாது. அதனால நிர்வாகமா திட்டமான்னு இன்னொரு கேட்டகிரி போட்டு ஒவ்வொரு என்ட்ரியிலயும் அப்பவே பிரிச்சுடறோம். எது ஆபீஸ் வாடகை எது பயிற்சி சென்டர் வாடகைன்னு கடைசில உக்காந்து மல்லுக்கட்ட வேண்டியதில்ல, டிசம்பர் 31க்குள்ள வெளிநாட்டுப் பணத்துக்கான வருஷ ரிட்டர்ன் எஃப்சி-4 போடும்போது அந்தத் தொகை ரெடியா இருக்கும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது பீரியட் மாத்தறது. ஒரு டோனருக்கு ஜனவரி டு டிசம்பர், நமக்கு ஏப்ரல் டு மார்ச், ஆல்ட் எஃப்2 தட்டி தேதிய மாத்தினா அவங்க வருஷத்துக்கு ரிப்போர்ட் வந்துடும், டேட்டாவ வருஷா வருஷம் ஸ்ப்ளிட் பண்ணாம வச்சிருந்தா. எடிட் லாக் (யாரு எப்ப என்ன மாத்தினாங்கங்கற பதிவு) இருக்கறதால பழைய வவுச்சர்ல யாரு கை வச்சாங்கன்னும் தெரியும், ஆனா ஆளுக்கு ஒரு லாகின் குடுங்க, எல்லாரும் அட்மின்ல உள்ள போனா லாக் இருந்து என்ன புண்ணியம்.

குறைன்னா பட்ஜெட்தான். பட்ஜெட் போட்டு எவ்ளோ செலவு, எவ்ளோ மீதின்னு பாக்கலாம், ஆனா லைன்ல காசு தீந்துடுச்சுன்னு வவுச்சர தடுக்காது, மாசா மாசம் நாமதான் திறந்து பாக்கணும். ஒரு லைன்லேர்ந்து இன்னொண்ணுக்கு 10 சதவீதத்துக்கு மேல மாத்தினா டோனர்கிட்ட எழுதிக் கேக்கணும்னு எங்க ஒப்பந்தத்துல இருக்கு, அந்தக் கணக்கெல்லாம் டேலிக்குத் தெரியாது. டோனர் ஃபார்மட்லயும் நேரா வராது, எக்செல்ல எடுத்து ஒட்டணும். ஃபீல்டு ஸ்டாஃப் கைல குடுத்த அட்வான்ஸ நேரா செலவுல போட்டாலும் வாய மூடிக்கிட்டு ஏத்துக்கும், அப்புறம் பணத்த எப்படி செலவு பண்ணோம்னு டோனருக்குக் குடுக்குற யூட்டிலைசேஷன் சர்டிபிகேட்ல செலவாகாத காசு செலவான மாதிரி நிக்கும்.

ஒரே ஆள் கணக்கு எழுதற எடத்துக்கு ஒரு கம்ப்யூட்டருக்கான சில்வர் லைசென்ஸ் போதும், பல கம்ப்யூட்டருக்கான கோல்டு தலைல கட்டப் பாப்பாங்க. வாங்கறதுக்கு முன்னாடி காஸ்ட் கேட்டகிரி வச்சு ஒரு வவுச்சர் போட்டுக் காட்டச் சொல்லுங்க, டீலர் முழிச்சாருன்னா வேற டீலரப் பாருங்க.